இடிக்கறதுக்கு முன்னாடி வீட்டை ஒரு தடவை சுத்திப் பாருங்க

வணக்கம்ங்க. உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முப்பது வருஷம் பழைய வீடு வாங்கியிருக்கீங்க, கிச்சன், ரெண்டு பாத்ரூம், ஹால் தரை, பெயிண்ட் எல்லாத்தையும் மாத்தணும், மாடி ரூம் வெயில்ல கொதிக்குது, பையனுக்கு ஏழு வயசு, அவனுக்கு வீசிங் இருக்கு. காண்ட்ராக்டர் வந்து பாத்துட்டு "எல்லாத்தையும் இடிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சாதான் நல்லா வரும்"னு சொல்லிட்டார். நீங்க ராத்திரி ராத்திரியா உக்காந்து மூங்கில் தரை, ஈகோ பெயிண்ட், கண்ணாடித்தூள் கவுன்டர்னு தேடித் தேடி குழம்பிப் போய், "மேடம், எதை வாங்கினா சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடுத்துடுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில வீட்டுக்காரர் "நம்ம ஒரு வீட்டால என்ன ஆகிடப் போகுது"ன்னு சிரிக்கறார்னும் எழுதியிருக்கீங்க.

லிஸ்ட் தரமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. தந்தா நீங்க அதை அப்படியே எடுத்துட்டு கடைக்குப் போயிடுவீங்க, நான் உங்களை முதல்ல கடைக்கே போக வேண்டாம்னு சொல்ல வர்றேன். பொருள் வாங்கறதுல இருக்கற நல்லது கெட்டதை விட, உங்க வீட்டை விட்டு லாரியில என்ன வெளிய போகுதுங்கறதுதான் இதுல பெரிய கணக்கு. அந்தக் கணக்கை யாரும் போடறதில்ல, காண்ட்ராக்டர் போடமாட்டார், கடைக்காரர் போடவே மாட்டார்.

ஏன் அப்படிச் சொல்றேன்னா, சிமெண்டையே எடுத்துக்குங்க. சுண்ணாம்புக்கல்லை கிட்டத்தட்ட 1450 டிகிரியில சுட்டாத்தான் கிளிங்கர்ங்கற, சிமெண்டுக்காக அரைக்கற கட்டி வரும், அந்த சூட்டுக்கு எரிக்கற எரிபொருள் புகை ஒரு பக்கம்னா, கல்லுக்குள்ளயே கட்டிப்போட்டு இருக்கற கரியமில வாயு வெளிய வர்றது இன்னொரு பக்கம், சொல்லப்போனா இந்த ரெண்டாவதுதான் பாதிக்கு மேல. உலகம் மொத்தமா வருஷத்துக்கு சுமார் 400 கோடி டன் சிமெண்ட் தயாரிக்குது, மனுஷங்க வெளியிடற கரியமில வாயுல 7, 8 சதவீதம் இதுலேர்ந்தே வருது. உங்க வீட்டுச் சுவர்லயும் தரையிலயும் அந்தப் புகை ஏற்கனவே செலவாகி உக்காந்திருக்கு. அதை இடிச்சுட்டு மறுபடி கட்டினா திரும்பவும் முதல்லேர்ந்து செலவு. புதுசா வாங்கறது எவ்வளவு பச்சை லேபிள் ஒட்டினதா இருந்தாலும் இந்தச் செலவை ஈடுகட்டறது கஷ்டம்.

அதனால ஒரு வேலை பண்ணுங்க, ஒரு நோட்டும் டார்ச் லைட்டும் எடுத்துட்டு ஒரு நாள் பூரா வீட்டைச் சுத்துங்க. ஒவ்வொண்ணையும் பாத்து மூணே கேள்வி: இது உடைஞ்சிருக்கா, இல்ல எனக்குப் பிடிக்கலையா, இல்ல அழுக்கா இருக்கா? நீங்க அனுப்பின போட்டோவுல கிச்சன் கேபினட் கதவு மங்கிப் போயிருக்கு, ஆனா உள் பெட்டி நேரா நிக்குது, சிங்க்குக்கு கீழ இருக்கற அடிப்பலகை மட்டும் ஊறிப் போயிருக்கு. அப்படின்னா அந்த ஒரு பலகையையும் கதவுகளையும் மாத்தினா போதும், கீல் தேஞ்சிருந்தா புதுக் கீல், அவ்வளவுதான், வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அது புது கிச்சன். ஹால்ல இருக்கறது மொசைக் தரைன்னு நினைக்கறேன், அங்கங்க குழி விழுந்து பளபளப்பு போயிருக்கு. அதை உடைக்க வேண்டிய அவசியமே இல்ல, குழியை அடைச்சு மெஷின் வச்சு தேய்ச்சு பாலிஷ் பண்ணினா இன்னும் முப்பது வருஷம் போகும். தேய்க்கும்போது தண்ணி விட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, காய்ஞ்ச தேய்ப்புல பறக்கற கல்தூசு நுரையீரலுக்கு நல்லதில்ல, பையன் இருக்கற வீட்டுல சுத்தமா கூடாது.

ஜன்னல் மரச்சட்டம் ஆடுதுன்னு எழுதியிருக்கீங்க, காண்ட்ராக்டர் அலுமினியம் போட்டுடலாம்னு சொன்னாராம். அலுமினியத்தைத் தாதுலேர்ந்து புதுசா எடுக்கும்போது ஒரு கிலோவுக்கு, உருக்கறதுக்கு மட்டும், சுமார் 14 யூனிட் கரண்ட் இழுக்கும். அதே பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்யறதா இருந்தா அதுல 95 சதவீதம் மிச்சம். ஆகவே வாங்கியே தீரணும்னா மறுசுழற்சி அலுமினியம் எவ்வளவு கலந்திருக்குன்னு கேட்டு வாங்குங்க. ஆனா முதல்ல ஒரு நல்ல கார்பெண்டரைக் கூப்பிட்டு அந்தச் சட்டத்தை சரி பண்ண முடியுமான்னு கேளுங்க, நிறைய வீட்டுல கீழ்க்கட்டை மட்டும்தான் மக்கியிருக்கும், அதை வெட்டி ஒட்டுப்போட்டு, இடுக்குல ரப்பர் கேஸ்கெட் குடுத்துட்டா காத்தும் வராது தூசும் வராது.

இங்க ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போயிடாதீங்க. பழைய கதவு ஜன்னல் எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவுல வீட்டு பெயிண்ட்ல ஈயத்தை 1978லயே தடை பண்ணிட்டாங்க, ஆனா பல நாடுகள்ல அதுக்கப்புறமும் ரொம்ப நாள் வித்துட்டுத்தான் இருந்தது. பெயிண்டர் வந்தவுடனே உப்புத்தாளை எடுத்து பரபரன்னு தேய்க்க ஆரம்பிப்பார், அந்தத் தூசுதான் ஆபத்து, குழந்தைங்க உடம்புல ஈயம் இவ்வளவு வரைக்கும் போனா பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஒரு சின்ன செதிலைச் சுரண்டி லேப்ல குடுத்துப் பாத்துடுங்க. ஈயம் இருந்தா, பெயிண்ட் உரியாம கெட்டியா இருக்கற இடத்துல அதும்மேலயே புது பெயிண்ட் அடிச்சு மூடிடலாம், உரியற இடத்துல மட்டும் நனைச்சு நனைச்சு எடுக்கணும், கேஸ் டார்ச் வச்சு சுட்டு உரிக்கறதுன்னா ஆளையே திருப்பி அனுப்பிடுங்க. அதே மாதிரி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பழைய சிமெண்ட் பைப், ரொம்பப் பழைய வினைல் டைல்ஸ் இதுல ஏதாவது இருந்தா அதை உடைக்கறது, ட்ரில் போடறது, வெட்டறது எதுவும் வேண்டாம். உடையாம இருக்கற வரைக்கும் அது பெருசா தொந்தரவு பண்ணாது, எடுத்தே ஆகணும்னா அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்கதான் எடுக்கணும்.

சரி, இப்ப பையன் விஷயத்துக்கு வர்றேன், உங்க கடிதத்துல எனக்கு முக்கியமா பட்டது அதுதான்.

வீசிங் இருக்கற குழந்தை வீட்டுல எல்லாரும் பெயிண்டைப் பத்தித்தான் முதல்ல கேப்பாங்க. நான் முதல்ல கேக்கறது ஓதம், அதாவது சுவர்ல ஊறற ஈரம். பாத்ரூம் சுவருக்குப் பின்னாடி இருக்கற பெட்ரூம்ல பெயிண்ட் கொப்புளிச்சு கருப்புப் புள்ளி வந்திருக்குன்னு ஒரு போட்டோ அனுப்பியிருக்கீங்களே, அது பூஞ்சை. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தாம அதும்மேல உலகத்துலயே சிறந்த ஈகோ பெயிண்ட் அடிச்சாலும் ஆறு மாசத்துல பூஞ்சை திரும்ப வந்துடும். பாத்ரூம் வேலையில நீங்க காசு செலவு பண்ண வேண்டியது டைல்ஸ் டிசைன்ல கிடையாது, டைல்ஸுக்கு அடியில போற வாட்டர்ப்ரூஃபிங்லயும் பைப் ஜாயிண்ட்லயும்தான்.

அடுத்தது பசை. பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இதெல்லாம் மரத்தையும் மரத்தூளையும் பசை போட்டு அழுத்தினது. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அதுலேர்ந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்ல மெல்ல வருஷக்கணக்கா வெளிய வரும், சூடும் ஈரமும் கூடினா இன்னும் அதிகமா வரும், புது அலமாரியைத் திறந்தா மூக்குல ஏறி கண்ணு கரிக்குதே அதுதான். 2004லயே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதை மனுஷங்களுக்குப் புற்றுநோய் தரக்கூடியதுன்னு முதல் பிரிவுல வச்சுட்டாங்க. பயமுறுத்தச் சொல்லல, புற்றுநோய் ஆபத்துக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் சுவாசிக்கறோங்கறதும் முக்கியம், ஆனா வீசிங் இருக்கற பையனுக்கு எரிச்சல் தர்றதுக்கு கொஞ்சமே போதும்.

அதனால பலகை வாங்கும்போது "நல்ல கம்பெனி மேடம், வாட்டர்ப்ரூஃப்"ங்கற பேச்சை விட்டுட்டு ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, எமிஷன் கிளாஸ், அதாவது எவ்வளவு வாயு விடுதுங்கற தரம், என்ன? ஈ1ன்னா டெஸ்ட் அறையில காத்துல ஃபார்மால்டிஹைடு பத்து லட்சத்துல 0.1 பங்கைத் தாண்டக்கூடாதுன்னு அர்த்தம், ஈ0ன்னு விக்கறது அதைவிடக் கம்மி. ரெண்டு, பசை என்ன? கொதி தண்ணியைத் தாங்கற பிளைவுட்ல ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை போடுவாங்க, பேர்ல ஃபார்மால்டிஹைடு இருந்தாலும் அது கெட்டியா கட்டிக்கும், வெளிய விடறது ரொம்பக் கம்மி. வெட்டின ஓரத்தைப் பாருங்க, பசைக் கோடு கருஞ்சிவப்பா, பழுப்பா தெரிஞ்சா அனேகமா அந்த வகை. எம்டிஎஃப்பை நான் ஒரேயடியா திட்டமாட்டேன், மரம் அறுக்கறப்ப வீணாப் போற தூளையும் சில்லையும் உபயோகப்படுத்தறது நல்ல விஷயம்தான், ஆனா ஒரு தடவை தண்ணி பட்டு ஊதிடுச்சுன்னா சரி பண்ணவே முடியாது, நேரா குப்பை. சிங்க் பக்கத்துல அதைப் போடறது வேண்டாம்.

இன்னொண்ணு, நல்ல பலகை வாங்கிட்டு கார்பெண்டர் கிட்ட குடுத்துட்டு மறந்துடறாங்க. அவர் முன்பக்கம் பளிச்சுன்னு லேமினேட் ஒட்டிட்டு, பின்பக்கத்தையும் சுவர் ஓரத்தையும் அப்படியே விட்டுடுவார், யாரு பாக்கப் போறாங்கன்னு. வாயு அதிகமா வர்றதே அந்த மூடாத இடத்துலேர்ந்துதான். எல்லா ஓரத்துக்கும் எட்ஜ் பேண்டிங்ங்கற மூடற பட்டை, கீலுக்குத் தோண்டின குழிக்கும் வயர் போற ஓட்டைக்கும் கூட ஒரு சீலர், பின்பக்கத்துக்கு பலகை வளையாம இருக்க ஒரு பேலன்சிங் லேமினேட், இதை வேலை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க. லேமினேட் ஒட்டறதுக்கும் மஞ்சளா இருக்கற சால்வென்ட் பசை வேண்டாம், தண்ணி கலந்த வெள்ளைப் பசை போதும், காயறதுக்கு நேரம் ஆகும்னு முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பையன் ரூம்ல புதுசா அலமாரியே அடிக்காதீங்க, முடிஞ்சா. பவுடர் கோட்டிங் பண்ணின ஸ்டீல் கட்டில், ஸ்டீல் பீரோ, இல்லன்னா பழைய மரச்சாமானைத் தேய்ச்சு எண்ணெய் பூசினது, இதுல எல்லாம் பசைப் பிரச்சனை கிட்டத்தட்ட கிடையாது. அவன் ரூம் வேலையை முதல்ல முடிச்சுட்டு, ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டு ரெண்டு மூணு வாரமாவது சும்மா விட்டுட்டு அப்புறமா அவனைப் படுக்க விடுங்க. காண்ட்ராக்டருங்க வழக்கமா பெட்ரூமை கடைசியில முடிப்பாங்க, நீங்க வரிசையை மாத்தச் சொல்லணும். இதுக்கு ஒரு பைசா அதிகமா செலவாகாது.

எண்ணெய்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஆளிவிதை எண்ணெய் பாலிஷ் போட்டுத் துடைச்ச துணியைச் சுருட்டி ஒரு மூலையில போட்டுட்டுப் போனா அது தானாவே சூடாகி தீப்பிடிக்கும், நிஜமாத்தான், அந்த எண்ணெய் காயும்போது ஆக்சிஜனோட சேர்ந்து சூடு விடும். விரிச்சுப் போட்டு வெளிய காய வைக்கணும், இல்ல தண்ணியில ஊறப் போடணும். இயற்கைப் பொருள்தானே என்ன பண்ணிடும்னு அசட்டையா இருக்கற இடம் இது.

பெயிண்டுக்கு வருவோம். விஓசின்னா பெயிண்ட் காயும்போது ஆவியாகற கரிமச் சேர்மங்கள், அந்தப் புது பெயிண்ட் வாடை. ஐரோப்பாவுல 2010லேர்ந்து வீட்டுக்குள்ள அடிக்கற தண்ணி சார்ந்த மேட் சுவர் பெயிண்டுக்கு லிட்டருக்கு 30 கிராம்தான் உச்ச வரம்பு, ஜீரோ விஓசின்னு போட்டு விக்கறது பொதுவா 5 கிராமுக்குள்ள இருக்கும். ஆனா கடையில உங்களுக்குக் காட்டற அந்த நம்பர் வெள்ளை பேஸுக்கு மட்டும். அதுல கலர் கலக்கற மெஷின்லேர்ந்து விழற சாயத்துலயும் விஓசி இருக்கலாம், அடர் நீலம், அடர் சிவப்புன்னு போனீங்கன்னா சாயம் நிறைய விழும். சாயமும் ஜீரோ விஓசியான்னு கேட்டுக்குங்க, பையன் ரூமுக்கு வெளிர் கலரே எடுத்துக்குங்க. அப்புறம் டப்பா மேல "இயற்கை", "ஆர்கானிக்"னு இருக்கேன்னு ஆரஞ்சுத்தோல் எண்ணெய், டர்பன்டைன் கலந்த பெயிண்டை வாங்கிடாதீங்க. மரத்துலேர்ந்தும் பழத்துலேர்ந்தும் வந்தாலும் அதுவும் விஓசிதான், வீசிங்குக்கு அது ஆகாது.

சுண்ணாம்பு அடிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அது. சுண்ணாம்பு கிட்டத்தட்ட 900 டிகிரியிலயே வெந்துடும், சிமெண்ட் அளவு சூடு வேண்டாம், சுவர்ல பூசினப்புறம் காத்துல இருக்கற கரியமில வாயுவை மெதுவா திரும்ப இழுத்து மறுபடி கல்லாகும், எரிச்ச எரிபொருள் கணக்கு மட்டும் திரும்பாது. காரத்தன்மை அதிகம்ங்கறதால பூஞ்சை சுலபத்துல வராது, சுவருக்குள்ள இருக்கற ஈரம் வெளிய போகவும் வழி விடும். ஆனா உங்க சுவர்ல ஏற்கனவே பிளாஸ்டிக் எமல்ஷன் இருக்கு, அதும்மேல சுண்ணாம்பு பிடிக்காது, செதில் செதிலா உதிரும். அதனால வீடு பூரா வேண்டாம், ஓதம் வந்து பூச்சையே எடுக்கப் போற அந்த ஒரு பெட்ரூம் சுவர்ல மட்டும் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடிப்பும் பண்ணிப் பாருங்க. தெரிஞ்ச கொத்தனார் வேணும், சிமெண்ட் வேலை மட்டும் பாத்தவர் அவசரப்பட்டு தடிமனா பூசி வெடிப்பு விட்டுடுவார். வேற இடத்துல பூச்சு வேலைக்கு சிமெண்டே போட்டாகணும்னா சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்ட் வாங்குங்க, கிளிங்கர் எவ்வளவு குறையுதோ புகையும் அவ்வளவு குறையும். அது மெதுவாத்தான் வலு பிடிக்கும், அதனால ரெண்டு நாள் கூடவே தண்ணி ஊத்தி கியூரிங் பண்ணணும்.

தரை. இதுல என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு குடும்பத்துக்கு மூங்கில் தரை போட்டுக் குடுத்தேன், மூங்கில் மரமே கிடையாது, புல்லு, நாலஞ்சு வருஷத்துல வெட்டலாம், திரும்ப முளைக்கும், இதைவிட பசுமையான தரை எதுன்னு நானே பேசிப் பேசி அவங்களைச் சம்மதிக்க வச்சேன். பாத்ரூம் வாசலை ஒட்டி ஒரு மழைக்காலத்துல பட்டை பட்டையா தூக்கிடுச்சு. ஒரு இடத்துல மட்டும் மாத்தலாம்னா அதே நிறம் கிடைக்கல, கடைசியில ஹால் முழுக்க பிச்சு எடுத்தோம், அதுக்கடியில அதுக்கு முன்னாடி நல்லாயிருந்த பழைய தரை இருந்துச்சு, அதை ஒட்டறதுக்காக கொத்தி வேற வச்சிருந்தோம். அஞ்சு வருஷம் கூட ஆகல. அந்த மூங்கில் கப்பல்ல வந்தது, பட்டையா கிழிச்சு பசை போட்டு அழுத்தினது. தப்பு மூங்கில் மேல இல்ல, ஈரம் வர்ற இடத்துல அதைக் கொண்டுபோய்ப் போட்டது நான். அதுலேர்ந்து ஒரு பொருளைப் பத்தி யார் என்ன சொன்னாலும், இந்த இடத்துல இது எத்தனை வருஷம் இருக்கும்னுதான் முதல்ல கேப்பேன்.

உங்களுக்கு மாடி ரூம் ரெண்டுக்கு மட்டும்தான் புதுத் தரை தேவைப்படும்னு நினைக்கறேன். கார்க் ஒரு நல்ல தேர்வு, கார்க் ஓக் மரத்தை வெட்டாம பட்டையை மட்டும் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை உரிச்சு எடுக்கறாங்க, மரம் பாட்டுக்கு நூறு இருநூறு வருஷம் நிக்கும், காலுக்கும் மெத்துன்னு இருக்கும். ஆனா நேர் வெயில் விழுந்தா நிறம் வெளுக்கும், கட்டில் கால் பள்ளம் விழும். லினோலியம்னு ஒண்ணு, 1860கள்ல ஃபிரெடெரிக் வால்டன்ங்கற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சது, முக்கியமா ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள், அடியில சணல் துணி. கடையில வினைலையே லினோலியம்னு சொல்லி விப்பாங்க, அது வேற இது வேற, வினைல் பிவிசி. அசல் லினோலியத்துக்கு ஆரம்பத்துல எண்ணெய் வாடை இருக்கும், பையன் ரூமுக்கு அதைப் போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டை வாங்கி ரூம்ல வச்சு அவனுக்கு ஒத்துக்குதான்னு பாத்துடுங்க. வினைல் விலை கம்மி, தண்ணிக்கு பயமில்ல, எல்லாம் சரி, ஆனா அதை மறுசுழற்சி பண்றது கஷ்டம், எரிச்சா நச்சுப்புகை, இளக்கறதுக்குக் கலக்கற தாலேட்டும் நல்லதில்ல. பாத்ரூமுக்கு சாதாரண செராமிக் டைல்ஸ் போதும். சுடறதுக்கு நிறைய எரிபொருள் ஆகும்ங்கறது உண்மை, ஆனா ஒழுங்கா போட்டா ஐம்பது வருஷம் இருக்கும், வாயு எதுவும் விடாது. பழைய டைல்ஸ் அசையாம கெட்டியா இருக்கற சுவர்ல அதும்மேலயே புது டைல்ஸ் ஒட்டலாம், தட்டிப் பாத்தா பொத்துன்னு சத்தம் வர்ற இடத்தை மட்டும் எடுத்துடணும், நீர்க்கசிவு வர்ற அந்தச் சுவரை மட்டும் முழுசா எடுத்தே ஆகணும். ஷேடு பெருசா மாத்தமில்லாத டைல்ஸ் எடுத்து பத்து பீஸ் கூட வாங்கி பரண்ல போட்டு வைங்க. பின்னாடி ஒண்ணு உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம், என் மூங்கில் கதை உங்களுக்கு வேண்டாம்.

கவுன்டருக்கு செயற்கை குவார்ட்ஸ் கேட்டிருந்தீங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கு அதால ஒண்ணும் ஆகாது. ஆனா அதுல 90 சதவீதம் வரைக்கும் படிக சிலிக்கா, அதை வெட்டி ஓரம் தேய்க்கற தொழிலாளிங்களுக்கு அந்தத் தூசால சிலிக்கோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வந்து சின்ன வயசுலயே மூச்சு விட முடியாமப் போயிட்டிருக்கு, ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லேர்ந்து அதை ஒரேயடியா தடை பண்ணிட்டாங்க. சுற்றுச்சூழல்னு பேசும்போது பட்டறையில வெட்டறவரும் அதுல சேர்த்திதான்னு எனக்குத் தோணும். உங்க பழைய கிரானைட் கவுன்டர் நல்லாத்தானே இருக்கு, ஓரம் மட்டும் உடைஞ்சிருக்கு. அதை வச்சுக்குங்க, ஓரத்தைத் தேய்க்கும்போது தண்ணி விட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. கண்ணாடித்தூள் கவுன்டர் அழகுதான், வேண்டாம்னு சொல்லல, ஆனா இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டு மறுசுழற்சிப் பொருள் வாங்கறதுல எனக்கு கொஞ்சம் சிரிப்பு வரும்.

மாடி சூட்டுக்கு முதல் வேலை மொட்டை மாடிக்கு வெள்ளைப் பிரதிபலிப்பு பூச்சு, அதுவே சூட்டை நிறைய குறைச்சுடும். அதுக்கப்புறமும் பத்தலன்னா ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல ராக் வூல்ங்கற கல் இழைப் பஞ்சு, இல்ல பழைய நியூஸ்பேப்பரை அரைச்சு போராக்ஸ் உப்பு கலந்த செல்லுலோஸ். நுரை போர்டு வாங்கறதா இருந்தா அதை ஊதறதுக்கு என்ன வாயு போட்டிருக்காங்கன்னு கேளுங்க, எக்ஸ்பிஎஸ்ங்கற பாலிஸ்டைரீன் நுரை போர்டு சிலதுல போடற ஹெச்எஃப்சி வாயு கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல சூடேத்தும், சூட்டைக் குறைக்கப் போய் சூட்டை விலைக்கு வாங்கின கதை. பாத்ரூம் ஃப்ளஷ் பழசா இருந்தா டியூயல் ஃப்ளஷ் மாத்திடுங்க, குழாய் வாய்க்கு, தண்ணியோட காத்தைக் கலந்து விடற ஏரேட்டர் போடுங்க, இதுல எல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

லேபிள் பத்தி கடைசியா கேட்டிருந்தீங்க. கம்பெனி தானே தன்னைப் பத்தி "ஈகோ", "கிரீன்"னு இலை படம் போட்டுக்கறது ஒரு ரகம், அதை விளம்பரம்னு நினைச்சுக்குங்க. வெளி ஆள் பரிசோதிச்சு தர்ற முத்திரை இன்னொரு ரகம், ஜெர்மனியோட ப்ளூ ஏஞ்சல் 1978லேர்ந்து இருக்கு, அந்த வகையில அதுதான் முதல்ல வந்தது, மரத்துக்கு 1993ல ஆரம்பிச்ச எஃப்எஸ்சி, காட்டைப் பொறுப்பா பராமரிச்சு எடுத்த மரம்னு தர்ற சான்று. எஃப்எஸ்சியிலயே "மிக்ஸ்"னு போட்டிருந்தா சான்று பெற்ற காட்டு மரத்தோட வேற மரமும் கலந்திருக்குன்னு அர்த்தம், "100%"னு இருந்தா முழுக்க அந்தக் காட்டு மரம். மூணாவதா ஈபிடின்னு ஒரு அறிக்கை, பொருள் தயாராகறதுல எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு தண்ணின்னு நம்பர் நம்பரா இருக்கும், அது பொருள் நல்லதுன்னு சொல்லாது, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மட்டும் உதவும். கடையில ஈபிடி இருக்கான்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் முழிப்பாங்க, பரவாயில்ல, கேளுங்க.

வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ற ஆள் இல்ல, ஆனா அவரை அந்த டார்ச் லைட் சுத்தலுக்குக் கூட கூட்டிட்டுப் போங்க, எதை எல்லாம் உடைக்க வேண்டாம்னு நோட்டுல எழுதுறீங்களோ அதுக்குப் பக்கத்துல காண்ட்ராக்டர் கொட்டேஷன்ல அதுக்குப் போட்டிருக்கற தொகையையும் அவரையே எழுதச் சொல்லுங்க. கூட்டிப் பாத்துட்டு அவர் சிரிக்கறாரா என்னன்னு எனக்கும் எழுதுங்க.

காண்ட்ராக்டருக்கு இன்னும் அட்வான்ஸ் குடுக்கலன்னு நம்பறேன். குடுக்கறதுக்கு முன்னாடி, இடிக்கற வேலையைத் தனிக் கொட்டேஷனா பிரிச்சு, அறை அறையா, என்னென்ன எடுக்கறோம், எடுத்தது எங்க போகுதுன்னு எழுதித் தரச் சொல்லுங்க. கழட்டற கதவு, நிலை, வாஷ்பேசின், கிரில் எல்லாம் உடைக்காம கழட்டினா வாங்கிட்டுப் போக ஆள் இருப்பாங்க, சுத்தியலுக்கு பதில் ஸ்க்ரூடிரைவரோட ரெண்டு நாள் கூட ஆகும், அந்த ரெண்டு நாள் கூலியையும் கொட்டேஷன்லயே சேர்த்துடுங்க. அப்புறம் அந்தக் கேபினட் உள் பெட்டியை, கீல் மாட்டற பக்கம் தெரியற மாதிரி, வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஸ்க்ரூ பிடிக்கற அளவுக்கு மரம் கெட்டியா இருக்கான்னு பாத்துட்டு சொல்றேன்.